ஏழு விரால்களும் முப்பத்தொரு பேரும்

யாராவது எதையாவது முடிவாகச் சொல்லிவிட்டால் அந்த அக்காவுக்குப் பொறுக்காது. கையில் கூடை இருந்தால் கீழே வைப்பார். உள்ளங்கைகளைக் கைலியில் இரண்டு முறை துடைத்துக்கொள்வார். பிறகு "அப்படி இல்ல" என்பார். சண்டைக்கு வருகிற குரல் அல்ல அது. வழி தவறிப் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்துகிற குரல். சாயங்காலம் மழை வரும் என்று சொன்னவரிடமும் அதைச் சொன்னார். போர் அடுத்த மாதம் முடிந்துவிடும் என்று சொன்னவரிடமும் சொன்னார். தவறாக ஒன்று காதில் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு நடக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். கூட வேலை செய்த பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை 'இல்லக்கா' என்றார்கள். அவருடைய உண்மையான பெயரை நான் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால் எங்கிருந்தாவது வந்து அதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பார்.

நான் அவருக்கு நேர்மாறு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம். எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ரயில்வே அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவனை ஜப்பான்காரர்கள் வந்து உணவு உற்பத்தி அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஓம் என்றேன். பூச்சோங்கில் ஈயம் தோண்டிக் கைவிட்ட மூன்று குட்டைகளில் மீன் வளர்க்கப்போகிறார்கள், அங்கே போய்த் தங்கி வாரா வாரம் அறிக்கை எழுத வேண்டும் என்றார்கள். அதற்கும் ஓம் என்றேன். டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிற்றைத் திணித்த சைக்கிளில் ஒரு நாள் முழுக்க மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அங்கே கூடை சுமந்த அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும்.

குட்டைகளுக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி ராணுவத்தில் சண்டை போட்டவர் அல்ல. விவசாயம் படித்தவர். வட்டக் கண்ணாடி போட்டிருப்பார், சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். ஆங்கிலமும் மலாயும் அரைகுறையாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிப்பார். அந்தக் காலத்தில் அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

ஜாவாவிலிருந்து தகரப் பீப்பாய்களில் புது மீன் வந்தது. சாம்பல் நிறம், விரல் நீளம். ஊரார் பிறகு அதை ஜப்பான் மீன் என்றே அழைத்தார்கள். மீனை இறக்கிய அன்று அதிகாரி எங்கள் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கரும்பலகையில் ஒரு ஜோடி மீன் வரைந்தார். பக்கத்தில் ஒரு கோடு. ஜோடி நூறாகும், நூறு ஆயிரமாகும், ஆயிரம் லட்சமாகும் என்று சொல்லிக்கொண்டே கோட்டை மேலே மேலே இழுத்தார். பலகை முடிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. கோட்டைப் பலகைச் சுவரின் மேலும் இழுத்துக்கொண்டு போனார். ஓராண்டில் சிலாங்கூர் முழுவதும் இந்த மீனைத்தான் சாப்பிடும் என்றார். அதற்குத் தடை ஒன்றே ஒன்றுதான். குட்டையில் ஏற்கனவே இருக்கும் விரால். மலாயில் அதை ஆருவான் என்பார்கள். ஆருவான் திருடன், குஞ்சுகளைத் தின்கிறது, ஒன்று விடாமல் பிடித்துக் கொல்ல வேண்டும் என்றார்.

அக்கா கூடையைக் கீழே வைத்தார். கைகளைத் துடைத்தார்.

"தாக் பெத்துல், துவான்," என்றார். 'அது சரியில்லை ஐயா' என்பதற்கு மலாய். எங்களுக்குச் சொல்கிற அதே குரல்.

அதிகாரி நடந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். அக்கா ஓரடி பின்னால் போய் நின்று, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னேன்னு எழுதி வச்சுக்குங்க கிராணி. நாளைக்கு யாரும் சொல்லலன்னு ஆயிடக் கூடாது."

நான் எழுதவில்லை.

மதியம் கரையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைத் தின்னும்போது, ஏன் சரியில்லை என்று கேட்டேன். அவர் முன்பு கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்ததாம். ஒரு வருடம் பிள்ளை பெற்றவர்களுக்குச் சூப் வைக்கிறோம், காயம் பட்டவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று அதிலிருந்த விராலை எல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

"அடுத்த வருசம் வலையப் போட்டா தூக்க முடியல, அவ்வளோ மீனு. ஆனா ஒண்ணுகூட கட்டவிரலுக்கு மேல இல்ல. நானே பாத்தேன். பத்துப் பேருக்குக் காய்ச்சின கஞ்சிய நூறு பேருக்கு ஊத்துனா யாரு கிராணி வளருவா? மீனுக்குக் குஞ்சு பொரிக்கத் தெரியும். குட்டைக்குப் பெருசாகத் தெரியாதே."

முதல் இரண்டு குட்டைகளிலும் அதிகாரி கரையிலேயே நின்று விரால் பிடிக்க வைத்தார். மூன்றாவது, லாலான் புல்லைத் தாண்டி, சேற்றுப் பாதையின் முடிவில் இருந்தது. அங்கே அவர் வரவில்லை. அக்காவும் இரண்டு பெண்களும்தான் போனார்கள். விரால்களைப் பிடித்தார்கள். ஏழு விரால்களை மட்டும் திரும்ப விட்டுவிட்டார்கள்.

"ஏன் ஏழு?" என்று கேட்டேன்.

"ரொம்ப வச்சா எல்லாத்தையும் தின்னுடும். கம்மியா வச்சா மிச்சம் வச்சிடும்."

"ஏழெண்டா சரியா இருக்கும் எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாது. ஏழுல ஆரம்பிப்போம். தப்புன்னா தண்ணி சொல்லும்."

அந்த வாரத்திலிருந்து 'மூன்றாம் குட்டை: விரால் இல்லை' என்று அறிக்கையில் எழுதினேன். மற்றவர்கள் ஒரு வார்த்தையைத் தவறாகச் சொன்னாலே விடாதவர், என்னை மட்டும் பொய் எழுத வைக்கிறாரே என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொய் சொல்றவனுக்கு உண்மை எதுன்னு தெரியும் கிராணி. தப்பா சொல்றவனுக்கு அதுவும் தெரியாது. அவனுக்குத்தான் நான் பயப்படுறேன். நீங்க சும்மா எழுதுங்க லா."

அந்த மாதங்களில் அவர் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். ஆண் மீன் ஓரத்து மண்ணில் தட்டு மாதிரிக் குழி பறிப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். சில மீன்கள் தவிடு போட்டாலும் வாயைத் திறக்காமல் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து, ஒன்றைப் பிடித்து வாயை விரித்தார். உள்ளே கடுகு மாதிரி முட்டைகள். இன்னொன்றின் வாயில் கண் முளைத்த குஞ்சுகள். "வாய்க்குள்ள வச்சிக்கிட்டுப் பட்டினி கிடக்குது பாருங்க," என்று எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மீனைத் தண்ணீருக்குள் கையை வைத்து மெதுவாக விட்டது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

முதல் அறுவடைக்கு அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். முதல் குட்டையில் போட்ட வலையை எட்டுப் பெண்கள் சேர்ந்தும் இழுக்க முடியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வலை கரைக்கு வந்தது. கொள்ளை மீன். எல்லாம் விரல் நீளம். வந்து இறங்கிய அன்று இருந்த அதே நீளம். தலை பெருத்து, வயிறு ஒட்டிப்போன மீன்கள். இரண்டாம் குட்டையிலும் அதேதான். அவர் சேற்றுப் பாதையில் பூட்ஸ் புதைய நடந்து மூன்றாம் குட்டைக்கு வந்தார். அங்கே வலை லேசாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே துள்ளியவை ஒவ்வொன்றும் இரண்டு உள்ளங்கை அகலம். அவர் ஒன்றைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் அசைத்துப் பார்த்தார். அப்போது வலையின் அடியிலிருந்து முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒரு விரால் எழும்பி அவர் பூட்ஸ் மேல் விழுந்தது.

அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். அறிக்கை என்னுடையது.

"கிராணி எழுதுனது நான் சொன்னத," என்றார் அக்கா. "நான்தான் விட்டேன். ஏழு. இந்த மீனு இல்லன்னா அந்தப் பெரிய மீனும் இல்ல." மலாயில் அவருக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எதுவும் அதில் இல்லை.

அதிகாரி அந்த விராலை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும்படி அக்காவுக்கு உத்தரவிட்டார். மீன் சாகும்வரை நிற்க வேண்டும். செத்ததும் கையை இறக்கலாம். விராலைப் பற்றி அவருக்குத் தெரியாது. அது லேசில் சாகாது. உடம்பில் ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே காற்றைக் குடித்துக்கொண்டு நெடுநேரம் கிடக்கும்.

அக்காவுக்குத் தெரியும். அந்தப் பக்கமாகத் தண்ணீர் தூக்கிப்போகும் பெண்களிடம் உதட்டை அசைக்காமல், "மேல தெளிச்சிட்டுப் போங்கடி" என்றார். அவர்கள் கால் இடறியதுபோல் அவர் மேலும் மீன் மேலும் தண்ணீரைச் சிந்திவிட்டுப் போனார்கள். சாகவிட்டிருந்தால் எப்போதோ கையை இறக்கியிருக்கலாம். அவர் அதைச் சாகவிடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. முழங்கைகள் நடுங்க ஆரம்பித்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கொட்டகைக்குள் அதிகாரி பேனாக்கத்தியால் முதல் குட்டையின் சின்ன மீன்களை அறுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். விரல் நீள மீனின் வயிற்றுக்குள் முட்டை. இன்னொன்றிலும் முட்டை. அவை குஞ்சுகள் அல்ல. வளராமலே தாயாகிவிட்ட மீன்கள். இருபது மீனாவது அறுத்திருப்பார். பிறகு எழுந்து கரும்பலகைக்குப் போய், சுவர்வரை ஏறியிருந்த கோட்டைச் சட்டைக் கையால் அழித்தார். கொஞ்ச தூரம் ஏறி, பிறகு வளைந்து, படுத்துவிடுகிற மாதிரி ஒரு புதுக் கோடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே வந்து அக்காவின் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒரு குட்டைக்கு எத்தனை?

"துஜோ," என்றார் அக்கா. ஏழு.

அவர் தண்ணீர்ப் பக்கம் தலையை அசைத்தார். அக்கா நடந்துபோய் முழங்கால் ஆழத்தில் இறங்கினார். கைகள் இறங்க மறுத்தன. இரண்டு பெண்கள் இருபுறமும் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். மீன் வாலை ஓர் அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் தோள் எல்லாம் தோல் உரிந்திருந்தது. வலையைச் சரிசெய்துகொண்டே தன் கணவரைப் பற்றி முதல்முறையாக என்னிடம் சொன்னார். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்கத் தோட்டத்துக்கு வந்தார்களாம். மூன்றே மாதம், அரிசியும் துணியும் உண்டு, திரும்பிவிடலாம் என்று வந்தவன் சொன்னானாம். இவர் கூட்டத்தின் நடுவில் எழுந்து "அப்படி இல்ல" என்றாராம். பொம்பளை பேசுகிறாள், புருஷன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்று யாரோ சிரித்திருக்கிறார்கள். கணவர் நேரே போய் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார்.

"நான் அன்னைக்குச் சும்மா இருந்திருந்தா அவரு போயிருக்க மாட்டாரு," என்றார். கொஞ்ச நேரம் ஊசி போய் வந்தது. "ஆனா நான் சொன்னது சரிதானே கிராணி?"

"ஓம்," என்றேன். அவருடைய அந்தக் குணத்தைப் பற்றி எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது அன்றுதான்.

அதன் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர் முடிந்தபின் சயாமிலிருந்து திரும்பியவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து, உன் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றார்கள். "நீ பாத்தியா?" என்று கேட்பார். இல்லை, கேள்விப்பட்டேன் என்பார்கள். "அப்ப இல்ல," என்று அனுப்பிவிடுவார். கடைசியில் ஒருவர், நானே குழி வெட்டிப் புதைத்தேன் என்றார். எந்த இடம், எந்தப் பக்கம் தலை, மேலே என்ன போர்த்தினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதன் பிறகு அக்கா மூன்று நாள் குடிசையை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் வந்து வேலை செய்தார். பிறகு பந்திங் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கேள்விதான். நான் பார்க்கவில்லை.

ஆனால் அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது அதற்கு முந்தைய ஒரு நாள், 1945-இல்.

விரால் விட்டபின் மூன்று குட்டைகளிலும் மீன் பெருத்தது. பெரியவை லோரியில் போய்விடும். வலையில் மிஞ்சும் பொடிமீனை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதைக் காயவைத்துக் கருவாடாக்கினோம். இந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, பசித்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டுப் பக்கம் குண்டு விழுந்தபின் இளைப்பு நோய்க்காரரான என் அப்பா வந்துவிட்டார். காலில் எலும்பு தெரியப் புண் வந்து, இனி உதவமாட்டான் என்று கங்காணி வழியில் இறக்கிவிட்டுப் போன முனியாண்டி வந்தார். கிள்ளானிலிருந்து பாக்கியம் என்ற பெண் வயிற்றில் ஐந்து மாதத்தோடு நடந்தே வந்தாள். வேலைக்கு என்று பதிவானவர்கள் பதினெட்டுப் பேர். குடிசைகளில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

ஒரு காலையில் அதிகாரி எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். அவரும் அப்போது இளைத்துப்போயிருந்தார். ரேஷன் இனி வேலை செய்கிறவர்களுக்கு மட்டும், மற்ற பதின்மூன்று பேரை லோரி வந்து கிள்ளானுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு ஏற்றிப்போகும் என்றார். அந்த முகாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. கூட்டத்தில் அழுகை எழுந்தது. அதிகாரி பலகையில் இருந்த வளைந்த கோட்டைக் காட்டி, அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"இதை நீதான் எனக்குக் காட்டினாய். குட்டை ஒன்று, சாப்பாடு இவ்வளவு. வாய் கூடினால் ஒன்றும் வளராது. குறைத்தால்தான் மற்றவை பிழைக்கும். மனிதனும் அப்படித்தான்."

அவர் சொன்னது கரையில் அக்கா என்னிடம் சொன்ன கஞ்சிக் கணக்குதான்.

"அப்படி இல்ல," என்றார் அக்கா. மலாயில் அல்ல, தமிழில். "என் மலாயு இதுக்குப் பத்தாது. நீங்க இங்கிலீசுல சொல்லுங்க கிராணி. ஒரு வார்த்த குறைக்காம சொல்லுங்க."

நான் தலையாட்டினேன்.

"மீனு குட்டையில என்ன இருக்கோ அதத் தின்னும். தனக்குச் சாப்பாடு உண்டாக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். மீனு கையில மண்வெட்டிய குடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்புறம், மீனு தன் குஞ்ச வாயில வச்சிக்கிட்டுப் பட்டினி கிடக்கும். பக்கத்து மீனு குஞ்ச வச்சிக்காது. நாங்க வச்சிக்குவோம். ஏழு வேணும், எட்டு வேணாம்னு நான் விராலுக்குச் சொன்னேன். இவங்களுக்குச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அடி வாங்கப்போகிறேன் என்று தெரிந்தே அதையும் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அதிகாரி கையை ஓங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பத்து நாள்," என்றார். "பத்தாம் நாள் லோரி வரும். வேலை செய்யாத ஒருவர்கூட இங்கே இருக்கக் கூடாது. பெயரும் வேலையும் எழுதிப் பட்டியல் வேண்டும்."

அவர் போனதும் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். உன் வாயால்தான் இது வந்தது என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். அக்கா அதை மறுக்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "வேலை செய்யாதவங்க இருக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"ஓம்."

"அப்ப இருக்க மாட்டாங்க."

குட்டையைச் சுற்றிலும் ஈயம் கழுவிப் போட்ட வெள்ளை மணல். புல்கூட முளைக்காது. அக்கா குட்டையின் அடியிலிருந்த கறுப்புச் சேற்றைக் கூடை கூடையாக அள்ளி அந்த மணலில் கொட்டச் சொன்னார். மீன் கழிவு ஊறிய சேறு. அன்றைக்கே ஆரம்பித்தோம். நானும் சுமந்தேன். என்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டை போயிற்று. சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டி நட்டோம். ஓரத்துத் தண்ணீரில் கங்கோங் கீரையைக் கிள்ளிக் குத்தினோம். எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. அது எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை.

"நான் முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தனான்," என்றார் என் அப்பா. "இங்க வந்து கயிறு திரிக்கிறதோ?"

"அப்ப மணி அடிங்க ஐயா," என்றார் அக்கா. ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டார். அப்பா நிமிடம் தவறாமல் அதை அடித்தார்.

பத்தாம் நாள் லோரி வந்தது. துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களும் அதிகாரியும் இறங்கினார்கள். பட்டியலை நீட்டினேன். முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு வேலை. வலை பின்னுபவர், சேறு அள்ளுபவர், கருவாடு புரட்டுபவர், மணி அடிப்பவர். தண்ணீர் ஓரத்தில் கங்கோங் ஒரு சாண் வளர்ந்திருந்தது. மணலில் சர்க்கரைவள்ளி இன்னும் நாலு இலைதான். அதிகாரி அதைக் குனிந்து பார்த்தார். பிறகு பட்டியலோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். காலில் துணி சுற்றிக் கரையில் சாய்ந்து கிடந்த முனியாண்டியின் முன்னால் நின்றார். இந்த ஆளுக்கு என்ன வேலை?

"கொக்கு விரட்டுறாரு," என்றார் அக்கா.

நான் மொழிபெயர்த்தேன். எல்லோரும் முனியாண்டியைப் பார்த்தோம். அவர் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். தொண்டையில் இருந்த பலத்தை எல்லாம் திரட்டி, "ஏய்... ஹோ!" என்று ஒரு சத்தம் போட்டார். மூன்றாம் குட்டையின் ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளைக் கொக்கு எழுந்து பறந்தது.

ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. சாக்பீஸ் பையில் கையை விட்டு, பேனாவைத் தேடி எடுத்து, பட்டியலின் கீழே கையெழுத்துப் போட்டார். லோரி வெறுமையாகத் திரும்பிப் போனது. லாலான் புல்லுக்கு அப்பால் சத்தம் மறையும்வரை யாரும் அசையவில்லை. பிறகு அப்பா மணி அடித்தார்.

மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலைப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. சர்க்கரைவள்ளி மணலை மூடியது. முதல் கிழங்கைத் தோண்டிய அன்று யாரும் வேகவைக்கும்வரை காத்திருக்கவில்லை. முனியாண்டிக்கு அக்கா விரால் சூப் வைத்துக் கொடுத்தார். அதனாலோ வேறு எதனாலோ, புண் ஓரங்களில் சதை பிடித்தது. ஒருவர் மட்டும் காய்ச்சலில் இறந்தார். அவர் இடத்துக்கு அம்பாங்கிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். எண்ணிக்கை முப்பத்தொன்றாகவே நின்றது.

பாக்கியத்துக்குப் பிள்ளை பிறந்த வாரம் பட்டியல் கொடுக்க வேண்டிய வாரமாகவும் இருந்தது. பழைய வலையைத் தூளியாகக் கட்டியிருந்தார்கள். நான் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பேர்?"

"இன்னும் வைக்கல. பொம்பளப் புள்ளன்னு எழுதுங்க," என்றார் அக்கா.

"வேலை எண்டு ஒண்டு எழுத வேணுமே அக்கா. இல்லாட்டிக் கையெழுத்துப் போடமாட்டார்."

அக்கா தூளியைப் பார்த்தார். பிள்ளை அப்போதுதான் விழித்து, முகம் சிவக்க வீறிட்டது. இத்தனை சின்ன உடம்பில் அத்தனை சத்தம் எங்கே இருந்ததோ.

"கொக்கு விரட்டுறது. முனியாண்டிக்கு உதவி."

அப்படியே எழுதினேன். மறுநாள் அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. தூளிப் பக்கம் பார்த்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்த மாதிரி நின்றார். அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

நான் அதை மடிக்கப்போனேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளின் அடியில் இடம் இல்லாமல் எழுத்து நெருக்கியிருந்தது அவருக்குத் தெரிந்தது.

"அடுத்த மாசம் பெரிய தாளா எடுத்துக்குங்க கிராணி," என்றார். "இன்னும் வருவாங்க."